படத்தில் வெள்ளையாக இருந்தால் மழையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மழைக்காலம் முழுக்க உங்கள் நாளிதழில் செயற்கைக்கோள் மேகப்படம் வருகிறது, நானும் தினமும் பார்க்கிறேன். ஆனால் அது எந்த வகைப் படம், எத்தனை மணிக்கு எடுத்தது என்று ஒரு வரிகூடப் போடுவதில்லை. எங்களைப் போல ராகி போடுகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

போன கார்த்திகையில் காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் களத்தில் அறுத்த கதிர் குவிந்து கிடந்தது. ராத்திரி செல்போனில் வந்த படத்தில் கிருஷ்ணகிரிக்கு மேலே ஒரே வெள்ளை. தார்ப்பாய் போட்டு மூடி, நாலு மூலைக்கும் கல் வைத்து, விடிய விடிய விழித்திருந்தோம், ஒரு பொட்டுத் தூறல் இல்லை. காலையில் பார்த்தால் பஞ்சைப் பிய்த்துப் போட்ட மாதிரி மெல்லிய மேகம்தான். அடுத்த வாரம் படம் வெறும் சாம்பல் நிறமாக இருந்தது, சரி ஒன்றுமில்லை என்று மூடாமல் படுத்துவிட்டோம். விடியற்காலைத் தூறலில் குவியல் நனைந்து, நாலு நாள் கழித்து ஒரு கதிரைக் கசக்கினால் உள்ளங்கையில் வெள்ளை வெள்ளையாக முளை.

ராத்திரியில் வரும் படம் அகச்சிவப்புப் படம் என்பது அப்புறம்தான் புரிந்தது. வெயில் சாய்ந்த பிறகு எங்கள் ஊர்ப் பாறைக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால், தொடாமலே சூடு தெரியும் இல்லையா, அந்த வெப்பக் கதிரைத்தான் இன்சாட் செயற்கைக்கோள் 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அளக்கிறது. எது அதிகக் குளிர்ச்சியோ அது படத்தில் அதிக வெள்ளை. ரொம்ப உயரத்தில் இருக்கும் பனித்துகள் மேகம் மழையே தராவிட்டாலும் வெளுப்பாகத் தெரியும். தாழ்வாக வந்து தூறுகிற மேகத்துக்குக் கிட்டத்தட்ட தரையின் சூடுதான், அதனால் சாம்பல் நிறம். பகலில் எடுக்கும் சாதாரணப் படம் வேறு: அது மேகம் திருப்பி அனுப்பும் சூரிய ஒளி, அதில் தாழ்ந்த மேகமும் பளிச்சென்று தெரியும்.

வெயிலையும் பூமியின் சூட்டையும் பிரித்து அளப்பது நேற்று வந்த வித்தை இல்லை. 1959-இல் எக்ஸ்ப்ளோரர் 7 செயற்கைக்கோளில் அமெரிக்க விஞ்ஞானி வெர்னர் சுவோமி கருப்பும் வெள்ளையும் பூசிய அரைக்கோளங்களை வைத்து அனுப்பினார். கருப்பு வெயிலையும் பூமியின் சூட்டையும் சேர்த்து வாங்கும், வெள்ளை வெயிலைத் தள்ளிவிட்டுச் சூட்டை மட்டும் வாங்கும், வித்தியாசத்தைப் பார்த்தால் கணக்கு வந்துவிடும். இன்றைக்குக் கேரளத்தில் பருவமழை தொடங்கியதை அறிவிக்க, அரபிக்கடலின் ஒரு குறிப்பிட்ட பகுதியிலிருந்து விண்வெளிக்கு வெளியேறும் இந்த வெப்பக் கதிர் சதுர மீட்டருக்கு 200 வாட்டுக்குக் கீழே இறங்கியதா என்பதையும் வானிலைத் துறை பார்க்கிறது. அறிவிப்புச் செய்தியோடு அந்த எண்ணையும் நீங்கள் போடலாமே.

பகல் படம், அகச்சிவப்புப் படம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, கீழே வகையையும் நேரத்தையும் தமிழில் எழுதுங்கள். ஐப்பசிக்குள் தொடங்கினால் இந்த வருஷ அறுப்புக்கே எங்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
ஒரு ராகி விவசாயி,
கிருஷ்ணகிரி மாவட்டம்.