முதல் ஊசியை மலையிலேயே போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அக்டோபர் வந்தால் மார்பகப் புற்றுநோய்க்கு இளஞ்சிவப்பு ரிப்பன், பிப்ரவரி 4 உலகப் புற்றுநோய் நாள் வந்தால் ஊர்வலம். உங்கள் நாளிதழிலும் படம் வருகிறது. அதன் கீழே 'ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் குணப்படுத்தலாம்' என்ற வரியும் தவறாமல் வருகிறது. சரி, உண்மைதான். கண்டுபிடித்த பிறகு மலையில் இருக்கிறவர்கள் என்ன பாடுபடுகிறார்கள் என்று யாரும் எழுதக் காணோம்.

நான் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இலை வாட்டும் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் மனைவி 26 வருடம் இலை பறித்தவள். இடது மார்பில் கட்டி தட்டுப்பட்டபோது, இலைப்பையின் வார் அழுத்திய வீக்கம் என்று நினைத்துக்கொண்டாள். வலிக்கவில்லை, அதனால் என்னிடம்கூடச் சொல்லவில்லை. 4 மாதம் ஓடிவிட்டது. வலிக்காத கட்டியையும் உடனே காட்ட வேண்டும் என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது.

ஊசியால் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றதும் என் மைத்துனர் குறுக்கே நின்றார். 'குத்தினால் பரவிடும் மச்சான்' என்றார். சதையைப் பார்க்காமல் அது எந்த வகைப் புற்றுநோய் என்றே சொல்ல முடியாது என்று கோவை டாக்டர் பொறுமையாக விளக்கினார். முதல் ரிப்போர்ட்டுக்குப் பிறகு இன்னொரு ரிப்போர்ட்டுக்கும் காத்திருந்தோம். பக்கத்து லைனில் ஒரு அக்காவுக்கு ஆபரேஷன் முடிந்து தினம் ஒரு மாத்திரைதான், இவளுக்கு மட்டும் எதற்குக் கீமோ என்று ஊரே கேட்டது. விடை அந்த இரண்டாவது ரிப்போர்ட்டில்தான் இருந்தது. நோயின் பெயர் ஒன்றாக இருந்தாலும், ஹார்மோனால் வளர்வது உண்டு, ஹெர்-2 என்ற புரதம் மிகுந்தது உண்டு, இரண்டும் இல்லாததும் உண்டு. இவளுக்குக் கடைசி வகை. ஹார்மோன் மாத்திரை இதற்கு வேலை செய்யாது.

21 நாளுக்கு ஒரு கீமோ. சிகிச்சைச் செலவு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் கழிந்தது. பஸ், சாப்பாடு, போன கூலி எல்லாம் தனிக் கணக்கு. முதல் மருந்தே சிவப்பு. அன்று இரவு சிறுநீர் சிவப்பாகப் போனதைப் பார்த்து ரத்தம் என்று அலறிவிட்டாள். அது மருந்தின் நிறம்தான், ஒன்றிரண்டு நாளில் போய்விடும். முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இரண்டாவது கீமோ முடிந்து பத்தாம் நாள், ராத்திரி 10 மணி. உடம்பு கொதித்தது. தெர்மாமீட்டரில் 101. மழையில் ஜீப் பிடித்துப் பக்கத்து மருத்துவமனைக்குப் போனோம். கீமோ எடுக்கிறாள் என்று இரண்டு தடவை சொன்னேன். 'குளிர்க் காய்ச்சல்' என்று பாராசிட்டமால் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். விடிகாலையில் அவளால் எழுந்து நிற்க முடியவில்லை. கோவை போய்ச் சேர இரண்டரை மணி நேரம். கிருமியோடு போராடும் வெள்ளை அணுக்கள் கிட்டத்தட்ட இல்லை, கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். 6 நாள் ஐசியூ. பிழைத்தாள்.

அங்கே ஒரு நர்ஸம்மா சொல்லித்தான் எனக்கு விளங்கியது. அந்த அணுக்கள் உருவாகிற எலும்பு மஜ்ஜையையும் கீமோ சேர்த்து அடிக்கிறது. பெரும்பாலும் 7-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாள் வரை வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்குப் போகும். அப்போது காய்ச்சல் 100.4-ஐத் தொட்டாலே அவசரம்தான். ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் நரம்பில் ஏற வேண்டும். எங்கள் ஜீப் ஒரு மணி நேரத்தில் மேட்டுப்பாளையத்தைத் தொட்டாலே பெரிய விஷயம். பலாப்பழக் காலத்தில் வழியில் குஞ்சப்பனைப் பக்கம் யானை நின்றால் அதுவும் இல்லை.

ஊட்டியில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 700 படுக்கையோடு வந்திருக்கிறது, சந்தோஷம். அதோடு கோத்தகிரி, குந்தா, கூடலூர் பக்கங்களிலும், கீமோ அட்டையைக் காட்டிக் காய்ச்சல் என்று வருகிறவருக்கு இரவானாலும் ஆன்டிபயாடிக்கின் முதல் ஊசியைப் போட்டு, கோவைக்குப் போனில் சொல்லிவிட்டு, 108-இல் ஏற்றி அனுப்ப வேண்டும். இதற்குப் புதுக் கட்டடம் எதுவும் தேவையில்லை. கோவை மருத்துவமனைகளும், எதற்குப் பயப்பட வேண்டாம், எதற்கு ஓடி வர வேண்டும் என்று தமிழில் ஒரு தாள் கொடுக்கலாம்.

குறை மட்டும் சொன்னால் பாவம். அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்த பிறகு அவள் கை வீங்கியது. மக்களைத் தேடி மருத்துவத்தில் ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண் வீட்டுக்கே வந்து பயிற்சி சொல்லிக்கொடுத்தார். அதே திட்டத்தில் 'நோய் ஆதரவு சிகிச்சை' என்றும் ஒன்று இருக்கிறது. அந்தப் பெயரைக் கேட்டதும் எதிர்வீட்டு அம்மா, 'அவ்வளவுதானா?' என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு அழுதார். வலியும் வாந்தியும் குறைந்து நாலு வாய் சோறு இறங்கினால்தான் அடுத்த கீமோவையே தாங்க முடியும். அது சாகப்போகிறவர்களுக்கு மட்டுமான வைத்தியம் இல்லை என்று அவருக்குப் புரியவைக்க எனக்கு ஒரு வாரம் ஆனது.

எதற்குப் பயப்பட வேண்டாம், எதற்கு ஓட வேண்டும் என்ற அந்தத் தாளை நானே கையால் எழுதிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். போன வாரம் கீழ் லைன் பையன் ஒருவன் செல்போனில் படம் எடுத்துக்கொண்டான். அவன் அம்மாவுக்குத் திங்கட்கிழமை முதல் கீமோ. 'ராத்திரி காய்ச்சல் வந்தா எங்க போறது தாத்தா?' என்று கேட்டான். கோவைக்கு என்றுதான் சொன்னேன்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.