160 கன்றுக்கு நடுவே துவரைக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மரப்பயிர் பற்றிய தங்கள் கட்டுரை, தரிசில் மரம் நட்டால் ஏக்கருக்கு லட்சங்கள் என்ற தோரணையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. எட்டாம் ஆண்டு வரப்போகும் லட்சம் இருக்கட்டும். அதுவரை வீட்டில் உலை எதனால் கொதிக்கும்?

அருப்புக்கோட்டைப் பக்கத்து மானாவாரிக்காரன் என்ற முறையில் சொல்கிறேன். எங்கள் செவல் காட்டில், அதாவது செம்மண் புஞ்சையில், மரக்கன்று சாவது தண்ணீர் இல்லாமல் மட்டுமல்ல, ஆள் போகாததாலும்தான். வெறும் கன்று நிற்கும் காட்டை எட்டிப் பார்க்க யாருக்கு நேரம்? அறுவடை முடிந்த காடு ஊர் ஆட்டுக்கெல்லாம் பொது. பயிர் நிற்கும் காட்டில் ஆட்டை விட ஆடு மேய்க்கும் எந்தக் கீதாரியும் துணியமாட்டார். ஆகவே புரட்டாசி, ஐப்பசி ஈரத்தில் கன்று ஊன்றும்போதே உளுந்தும் துவரையும் விதைத்துவிட வேண்டும். களையெடுக்கப் போகிறவர்கள் கன்றின் தூரையும் கொத்திவிடுவார்கள். மார்கழியில் உளுந்து வீடு வந்து சேரும். துவரை மாசி வரை நிற்கும். அறுத்த துவரையின் காய்ந்த குச்சியான மாரைக் கன்றைச் சுற்றி ஊன்றிக் கட்டினால் கோடைக்கு அதுவே வேலி. கம்பி வலைக்குக் கடன் வாங்க வேண்டியதில்லை.

அரசின் நீடித்த பசுமைப் போர்வைக்கான இயக்கத்தில் கன்று இலவசம். பிழைத்த கன்றுக்கு இரண்டாம் ஆண்டு முதல் மூன்று ஆண்டுகளுக்கு 7 ரூபாய் வீதம் ஊக்கத்தொகையும் உண்டு. நல்ல திட்டம்தான். ஆனால் ஏக்கருக்கு 160 கன்று என்றால் ஆண்டுக்கு 1,120 ரூபாய். ஒரு களையெடுப்புக் கூலிக்கே காணாது. மரத்தைக் காப்பாற்றப்போவது பயிர்தான்.

அந்த 160 கன்றை எப்படி நடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 16 அடிக்கு ஒன்றாகச் சதுரமாக நட்டால் மூன்று, நான்கு ஆண்டுகளில் நிழல் கட்டி, அடியில் பயறு காய் பிடிக்காது. அதையே 33 அடிக்கு ஒரு வரிசை, வரிசைக்குள் 8 அடிக்கு ஒரு கன்று என்று கிழக்கு மேற்காக நட்டுப் பாருங்கள். கன்றின் எண்ணிக்கை குறையாது, நடுவில் டிராக்டர் தாராளமாக ஓடும். மரத்தை ஒட்டிய இரண்டு சால் பயிர் தேறாது என்பதை மறைக்க வேண்டாம். பக்கக் கிளையைக் கழித்து, வரிசையோரம் ஆழ உழுது மேல்வேரை அறுத்துவந்தால் மற்றது தேறும்.

கட்டுரை மலைவேம்பையே தூக்கிப் பிடிக்கிறது. கிணறு உள்ளவருக்கு அது சரி; மழையை மட்டும் நம்பினால் எங்கள் மண்ணில் அது முடங்கிப்போகும். பெருமரம் என்ற பெயருள்ள மரம் அப்படியல்ல. வறட்சி தாங்கும், கழித்த தழை வெள்ளாட்டுக்கு ஆகும், மரம் தீக்குச்சிக்கு ஆகும். சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டி எல்லாம் பக்கத்திலேயே இருக்க, தீப்பெட்டித் தொழிலுக்குக் கேரளத்திலிருந்து குச்சி வருவது வேடிக்கைதான்.

கன்று கொடுக்கும்போதே உளுந்து, துவரை விதையையும் வேளாண்மைத் துறை பட்டம் தப்பாமல் கொடுக்கட்டும். மானாவாரிக்கென்று தனி நடவு முறை வகுக்கட்டும். பயிரோடு மரங்களையும் கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலில் ஏற்றிவிட்டால் வெட்டும் நாளில் அனுமதிக்கான அலைச்சல் குறையும். தங்கள் நிருபர் அடுத்த முறை லட்சக் கணக்கு போடும்போது, முதல் நான்கு ஆண்டுகளின் வரவு செலவையும் ஒரு பத்தியில் எழுதும்படிக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மானாவாரி விவசாயி,
அருப்புக்கோட்டை வட்டம்