மலைச்சரிவு வரைபடங்களும் ‘சர்வதேச ஆய்விதழ்’ முத்திரையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூன் பிறந்து மழை பிடித்துவிட்டால் நாளிதழ்களில் ஒரு வகைச் செய்தி தவறாமல் வருகிறது. இடுக்கியில் இத்தனை இடம் ஆபத்தில் இருக்கிறது, வயநாட்டில் இத்தனை சதவீத நிலம் சரியக்கூடியது என்று சொல்லி, பக்கத்தில் சிவப்பும் மஞ்சளும் பூசிய ஒரு வரைபடம். கடைசி வரியில், “இந்த ஆய்வு சர்வதேச ஆய்விதழில் வெளியாகியுள்ளது.” தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் அந்தப் படத்தில் தங்கள் எஸ்டேட் எந்த நிறத்தில் இருக்கிறது என்று தேடுகின்றன. படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இரண்டே நாளில் “ஆராய்ச்சியிலேயே சொல்லிட்டாங்க” என்று ஆகிவிடுகிறது. அந்தக் கடைசி வரிக்கு உண்மையில் எவ்வளவு எடை என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

ஆய்விதழுக்கு வரும் கட்டுரையை அதன் ஆசிரியர் முதலில் மேலோட்டமாகப் பார்ப்பார். பொருந்தவில்லை என்றால் அப்போதே திருப்பி அனுப்பிவிடுவார். பொருந்தினால் அதே துறையைச் சேர்ந்த இரண்டு மூன்று பேருக்கு அனுப்புவார். இதைத்தான் பியர் ரிவ்யூ, சக ஆய்வாளர் மதிப்பீடு என்கிறோம். பெரும்பாலும் ஊதியம் இல்லாத வேலை. தங்கள் வேலைகளுக்கு நடுவே செய்து கொடுக்கிறார்கள். அவர்கள் பார்ப்பது எழுத்தையும் அட்டவணையையும் படங்களையும்தான். தரவிலிருந்து இந்த முடிவுக்கு வர முடியுமா, முறை சரியா என்று கேட்பார்கள். தரவு உண்மையிலேயே அந்த மலையில் எடுத்ததா என்று பார்க்க யாரும் மலை ஏறி வருவதில்லை.

மலை ஆய்வில் இந்த ஓட்டை மற்ற துறைகளைவிடப் பெரியது. இமயமலைப் புதைபடிவங்கள் பற்றி பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் வி.ஜே. குப்தா இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கட்டுரைகள் எழுதிவந்தார். அந்தப் புதைபடிவங்களில் பல இமயமலையில் கிடைத்தவையே அல்ல என்று ஆஸ்திரேலியப் புவியியலாளர் ஜான் டேலண்ட் 1989இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். சில, நியூயார்க் மாநிலத்தில் ஓர் ஓடைக்கரையில் கிடைப்பவற்றை ஒத்திருந்தன. சில மொராக்கோவில் கிடைக்கும் வகை. இத்தனை ஆண்டுகள் இது எப்படி நின்றது? எடுத்த இடத்தைத் தெளிவில்லாமல் குறித்திருந்தார்கள். இணை ஆசிரியர்களாக இருந்த பல நாட்டு நிபுணர்கள், கையில் கொடுத்த படிவத்தை அடையாளம் கண்டு சொன்னதோடு சரி. இடத்தை அவர் சொன்னபடியே நம்பினார்கள். எல்லையோர மலைக்குப் போய் அதே பாறையை இன்னொருவர் தேடிப் பார்ப்பது எளிதல்ல. மதிப்பீட்டாளர்கள் படித்த தாளில் தவறு எதுவும் கண்ணில் படவில்லை.

இன்னொன்று பத்திரிகைகளுக்கு நேரடியாகப் பொருந்துவது. இமயமலைப் பனிப்பாறைகள் 2035க்குள் மறைந்துவிடக்கூடும் என்று காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழுவின் 2007ஆம் ஆண்டு அறிக்கையில் ஒரு வரி இருந்தது. அதன் வேரைத் தேடிப் போனால் 1999இல் ஓர் அறிவியல் வார இதழில் வந்த செய்தியில் போய் நிற்கிறது. அங்கிருந்து இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்றின் 2005ஆம் ஆண்டு அறிக்கைக்கும், அதிலிருந்து இந்த அறிக்கைக்கும் வந்து சேர்ந்தது. 1996இல் வந்த ஓர் ஆவணத்திலோ பனிப்பாறைகள் சுருங்குவதற்கு 2350 என்ற ஆண்டு இருந்தது. வரைவைப் பார்த்த மதிப்பீட்டாளர்கள் சிலர் இந்த வரிக்கு ஆதாரம் கேட்டிருந்தார்கள். அந்தக் குறிப்புகளைச் சரியாகக் கவனிக்கவில்லை. 2010 ஜனவரியில் அந்தக் குழு வருத்தம் தெரிவித்தது. பனிப்பாறைகள் உருகுவது உண்மை, அதில் ஐயமில்லை. ஒரு தவறான ஆண்டு அந்த உண்மையையே கேலிக்கு உள்ளாக்கியது என்பதுதான் வேதனை.

இனி நம் மலைக்கு வருவோம். மலைச்சரிவு அபாய வரைபடக் கட்டுரைகள் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை. பழைய சரிவுகளைப் புள்ளிகளாகக் குறிப்பார்கள். சரிவுக் கோணம், ஓடையிலிருந்து தூரம், சாலையிலிருந்து தூரம், மண், தாவரப் போர்வை ஆகியவற்றை அடுக்குகளாக வைத்துக் கணினிக்குக் கற்றுக்கொடுப்பார்கள். புள்ளிகளில் 70 சதவீதம் கற்க, 30 சதவீதம் சோதிக்க. கடைசியில் ஏ.யு.சி. என்ற ஒரு மதிப்பெண். 1 என்றால் முழுச் சரி, 0.5 என்றால் நாணயம் சுண்டிப் பார்த்ததற்குச் சமம். 0.9ஐத் தாண்டியதாக எழுதும் கட்டுரைகள் ஏராளம்.

அந்த 0.9 எப்படி வருகிறது என்பதைத்தான் கேட்க வேண்டும். 2018 ஆகஸ்ட் மாதிரி ஒரு மழையில் ஒரே சரிவில் அடுத்தடுத்து ஐந்தாறு இடங்கள் இடிந்திருக்கும். புள்ளிகளைக் குலுக்கிப் பிரித்தால் அவற்றில் நான்கு கற்கும் பக்கம் போகும், இரண்டு சோதனைப் பக்கம் வரும். ஐம்பது மீட்டர் தள்ளியிருக்கும் அண்டைப் புள்ளியைப் பார்த்துவிட்டுச் சொல்லும் விடை அது. சரிவு நடக்காத இடத்துக்கான புள்ளிகளைச் சமதளத்திலிருந்து எடுத்தால் மதிப்பெண் இன்னும் ஏறும். வயல் சரியாது என்று சொல்ல யாருக்கும் கணினி வேண்டாம். முறையான சோதனை வேறு. ஓர் ஆற்றுப்படுகையில் கற்று, முற்றிலும் வேறொரு படுகையில் சோதிக்க வேண்டும். அல்லது 2018 வரை நடந்தவற்றை மட்டும் கொண்டு படம் போட்டு, 2019இன் புத்துமலையையும் கவளப்பாறையையும் 2020இன் பெட்டிமுடியையும் அது முன்கூட்டியே சிவப்பாகக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். அப்போது வரும் மதிப்பெண் குறைவாகத்தான் இருக்கும். அந்தக் குறைந்த எண்ணை எழுதுபவரைத்தான் நம்பலாம்.

உயரத் தரவில் நடக்கும் பிழை இன்னும் நுணுக்கமானது. இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவுகளில் பெரும்பாலானவை 30 மீட்டர் கட்டம் கொண்டவை. ஒரு கட்டம் என்றால் 900 சதுர மீட்டர். ஒரு லயத்தின் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின்) பெரும்பகுதி, அதன் முற்றம், பின்னால் செங்குத்தாக வெட்டிவிட்ட மண் திட்டு எல்லாம் ஒரே கட்டத்துக்குள் அடங்கி, அதற்கு ஒரே உயரம்தான் கிடைக்கும். மழையில் முதலில் இடிந்து சமையலறைச் சுவரில் சாய்வது அந்த மண் திட்டுதான். அது அந்தத் தரவில் இல்லவே இல்லை. “12.5 மீட்டர் துல்லியம்” என்று பெருமையாக எழுதுகிறார்கள். அலோஸ் பால்சார் என்ற ஜப்பானியச் செயற்கைக்கோள் ரேடாரின் பெயரில் பரவலாக இறக்கிப் பயன்படுத்தும் அந்த உயரத் தரவு, இந்தப் பகுதிக்குப் பெரும்பாலும் பழைய 30 மீட்டர் தரவையே கூறுபோட்டதுதான். ஒரு கட்டத்தை ஐந்தாறாக நறுக்கியதால் புதிதாக எதுவும் தெரியவராது. தரவை வழங்கும் இடத்திலேயே இது எழுதியிருக்கிறது. ஆனாலும் மதிப்பீட்டாளர் கண்ணில் படாமல் கட்டுரைகள் தாண்டிப் போகின்றன.

மழைக் கணக்கும் அப்படித்தான். வானிலைத் துறையின் கட்டத் தரவு 0.25 பாகை, சுமார் 27 கிலோமீட்டர். மழை கொட்டும் ராஜமலையும், ஆனைமுடிக்கு மறுபுறம் மழை மறைவில் கரும்பும் சந்தனமும் வளரும் மறையூரும் அத்தகைய ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும் தூரம்தான். இரண்டுக்கும் ஒரே மழை என்று கணக்கிட்டால் படத்தில் என்ன அர்த்தம் இருக்கும்? நல்ல தரவு எஸ்டேட் ஆபீஸ் மழைமானிப் பதிவேட்டில் இருக்கிறது. தினமும் காலையில் அளந்து கையால் எழுதியது, பல எஸ்டேட்டுகளில் பல பத்தாண்டுகளாக. அதை வாங்கிப் பயன்படுத்துபவர்களும் கட்டுரை முடிவில் “உள்ளூர் மக்களுக்கு நன்றி” என்ற ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பதிவேடு எழுதியவரைக் கட்டுரையாசிரியராகச் சேர்க்கச் சொல்லவில்லை. எழுத்திலும் முடிவிலும் பங்கில்லாதவர் ஆசிரியர் ஆகமாட்டார் என்பது நியாயமான விதி. அவர் சம்மதத்தோடு பெயரையும், அளந்த இடத்தையும், ஆண்டுகளையும் குறிப்பிடுவதும், முடிவுகளைத் தமிழில் திருப்பிக் கொண்டுவந்து லயத்தில் சொல்வதும் குறைந்தபட்ச நெறி.

திறந்த தரவு எல்லாவற்றுக்கும் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். சரிவு நடந்த இடங்களின் பட்டியலை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். அரிய ஆர்க்கிட் அல்லது மருந்துச் செடி வளரும் இடத்தைத் துல்லியமான ஆயத்தொலைவோடு அச்சிட்டால், அடுத்த பருவத்தில் அங்கே செடி மிஞ்சாது. 1987இல் அகத்தியமலைக் காணி மக்கள் ஆய்வாளர்களுக்குக் காட்டிய ஆரோக்கியப்பச்சைச் செடியிலிருந்து ‘ஜீவனி’ மருந்து உருவானது. உரிமக் கட்டணத்திலும் ராயல்டியிலும் பாதி அவர்களுக்கு என்று முடிவானது. இப்படிப் பங்கு தரச் சொல்லும் பல்லுயிர்ச் சட்டம் வந்தது 2002இல். அதற்கு முன்பே செய்ய முடிந்ததை இன்று கட்டுரை எழுதுகிறவர்கள் செய்ய மறுப்பதற்குக் காரணமே இல்லை.

பணம் வாங்கிக்கொண்டு எதையும் போடும் இதழ்களைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெரிய பதிப்பகங்களும் தப்பவில்லை. 2023இல் ஹிந்தாவி மட்டும் 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது; போலி மதிப்பீடுகள் நுழைந்தது பெரும்பாலும் சிறப்பிதழ்கள் வழியாக. தரமான இதழ்கள் எவை என்று சொல்லிவந்த பல்கலைக்கழக மானியக் குழுவின் ‘கேர்’ பட்டியலும் 2025இல் கைவிடப்பட்டது. நல்ல இதழ் எது என்று முடிவு செய்வது இப்போது அந்தந்தக் கல்வி நிறுவனத்தின் பொறுப்பு.

ஆகவே உங்கள் செய்தியாளர்களிடம் சிலவற்றைக் கேட்டுக்கொள்கிறோம். “சர்வதேச ஆய்விதழ்” என்று மட்டும் எழுதாமல் இதழின் பெயரையும் ஆண்டையும் போடுங்கள். பெரும்பாலான கட்டுரைகளின் முதல் பக்கத்தில் வந்த தேதியும் ஏற்ற தேதியும் அச்சாகியிருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு வாரம்தான் என்றால் யார் எப்போது படித்தார்கள் என்று ஆய்வாளரையே கேளுங்கள். கட்டுரை திரும்பப் பெறப்பட்டதா என்பதை ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். சரிவுப் புள்ளிகளில் எத்தனை நேரில் போய்ப் பார்த்தவை, எத்தனை செயற்கைக்கோள் படத்தில் குறித்தவை என்று கேளுங்கள். சாலையோரத்தில் மட்டும் போய்க் கணக்கெடுத்தால் சாலைதான் முதல் காரணம் என்று படம் சொல்லும். காட்டுக்குள் இடிந்தது கணக்கில் வராது. படம் எந்த அளவுகோலுக்கு உரியது என்பதைப் படத்துக்குக் கீழேயே எழுதுங்கள். இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் தேசிய மலைச்சரிவு வரைபடமே 1:50,000 அளவில் செய்தது. அதில் ஒரு மில்லிமீட்டர் தரையில் 50 மீட்டர். ஒரு வீட்டை அதில் தேடக் கூடாது.

மதிப்பீட்டாளர்களின் குறிப்புகளையும் ஆசிரியர்களின் பதிலையும் கட்டுரையோடு சேர்த்தே வெளியிடும் ஆய்விதழ்கள் இருக்கின்றன. அப்படிப்பட்ட கட்டுரை கையில் கிடைத்தால், தலைப்பு வைப்பதற்கு முன் அந்தக் குறிப்புகளைப் படித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
புவியியல் ஆசிரியர்கள் சிலர்,
தேவிகுளம் வட்டம், இடுக்கி மாவட்டம்.