எழுபது-இருநூறை வாங்காதே

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று வாசித்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. இங்கே நாங்கள் சுகம். மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள், அதனால் டீவிக்கும் எனக்கும் வாய் திறக்க அனுமதி இல்லை. உங்கள் பழைய ஒழுங்கையில் தனி வீடு என்று சொல்ல ஒன்றிரண்டுதான் மிச்சம். மற்றதெல்லாம் மாடிக் குடியிருப்பு. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் இனி யாருடையவாவது ஏழாம் மாடிக்குத்தான் ஏற வேண்டும்.

சரி, கமராவுக்கு வருகிறேன். டிசம்பரில் வரும்போது கொழும்புத் தெருக்களைப் படம் பிடிக்க வேண்டும், ஆட்களுக்குத் தெரியாமல் இயல்பாக எடுக்க வேண்டும், அதற்கென்று தூரத்தில் உள்ளதைக் கிட்ட இழுத்துக் காட்டும் ஒரு 70-200 மிமீ லென்ஸ் பார்த்து வைத்திருக்கிறாய் என்று எழுதியிருக்கிறாய். வாங்காதே. அது கெட்ட லென்ஸ் இல்லை. கல்யாண வீட்டுக்கும் மேடைக்கும் அது நல்ல சாமான். ஆனால் புறக்கோட்டைக் கடைத்தெரு நெரிசலுக்கு அது உதவாது.

கணக்கைப் பார். முழுப்பிரேம் கமராவில், அதாவது பழைய பிலிம் அளவு உணரி உள்ளதில், ஒரு ஆளைத் தலை முதல் கால் வரை நிமிர்ந்த படத்தில் அடக்க, 70 மிமீ-இல் கிட்டத்தட்ட நான்கு மீற்றர் தள்ளி நிற்க வேண்டும். 200 மிமீ என்றால் பத்துப் பதினொரு மீற்றர். முதலாம் குறுக்குத் தெருவிலோ பிரதான வீதியிலோ காலை பத்து மணிக்கு உனக்கும் இன்னொருவருக்கும் இடையில் நான்கு மீற்றர் வெறும் இடம் யார் தருவார்கள்? அந்த இடைவெளிக்குள் மூட்டை சுமக்கும் ஒரு நாட்டாமை, ஒரு கைவண்டி, ஒரு ஓட்டோ, தலையில் துணிக்கட்டோடு ஒரு அம்மா எல்லோரும் வந்து போவார்கள். வீதியின் அந்தப் பக்கம் நின்று எடுக்கலாம் என்று நினைத்தால் பஸ் வந்து மறைக்கும். அதோடு கூடுதல் வெளிச்சம் வாங்கும் எஃப்/2.8 வகை ஒரு கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோ வரை வரும், ஒரு தேங்காயைக் கழுத்தில் கட்டிக்கொண்டு நடப்பது மாதிரி. அதைத் தூக்கியதும் தெருவே உன்னைத் திரும்பிப் பார்க்கும். தெரியாமல் எடுக்கப் போனவன்தான் அங்கே காட்சிப் பொருள்.

இன்னொன்றும் இருக்கிறது, உனக்கு நான் விளக்கத் தேவையில்லை. தொண்ணூறுகளில் ஒரு தமிழ்ப் பெடியன் கோட்டை ரயில் நிலையத்துக்கு முன்னால் நீண்ட லென்ஸோடு நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும்? இன்று அந்த நிலைமை இல்லை. என்றாலும் துறைமுக வாயில், படையினர், காவலரண் எதன் பக்கமும் கமராவைத் திருப்பாதே. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலும் கேட்டுவிட்டு எடு. சின்னக் கமரா என்றால் உல்லாசப் பயணி என்று விட்டுவிடுவார்கள், பெரிய லென்ஸ் என்றால் யார், எவர், எதற்கு என்று கேள்வி வரும்.

அப்படியென்றால் எது? முதலில் கமராவை மற, லென்ஸின் குவியத் தூரத்தை முடிவு செய். 28 அல்லது 35 மிமீ. எண் சிறிதென்றால் காட்சி அகலம். உன்னிடம் இருக்கும் பழைய கெனனோடு வந்த 18-55ஐ எடு. 18இல் வைத்தால் முழுப்பிரேம் கணக்கில் ஏறத்தாழ 28, 22இல் வைத்தால் 35. ஸூம் வளையத்தை டேப் போட்டு ஒட்டிவிட்டு ஒரு சனிக்கிழமை உங்கள் ரொறன்ரோ கென்சிங்டன் மார்க்கெட்டில் நட. அடுத்த சனி மற்றதில் நட. எதில் படம் நெருக்கமாகவும் குழப்பமில்லாமலும் வருகிறதோ அதுதான் உன்னுடையது. எனக்கு 28. கொழும்பில் ஒரு முகத்துக்குப் பின்னால் எப்போதும் இன்னும் மூன்று கதை நடந்துகொண்டிருக்கும், அதை விட மனமில்லை. ஆனால் 28இல் கிட்டப் போகத் துணிவு வேண்டும், இல்லாவிட்டால் படம் முழுக்க வெறும் றோட்டுத்தான் இருக்கும். கூச்சம் உள்ளவனுக்கு 35 நல்லது. நீ அந்த ரகம், கோபிக்காதே.

28 என்று முடிவு வந்தால் ரிக்கோ ஜிஆர் 3. 2019இல் வந்தது, பற்றரியோடு 257 கிராம், சேர்ட் பொக்கற்றுக்குள் போகும். நான்காவது 2025இல் வந்துவிட்டதால் பழைய மூன்றை ஆட்கள் விற்கிறார்கள். அதில் ஸ்னாப் ஃபோகஸ் என்று ஒரு வசதி இருக்கிறது. தூரத்தை முன்கூட்டியே, சொல்லப்போனால் 2 மீற்றருக்கு, வைத்துவிட்டு பொத்தானை ஒரேயடியாக அழுத்தினால் கமரா எதையும் தேடாது, நேரே அந்தத் தூரத்துக்குப் போய் எடுத்துவிடும். லென்ஸின் திறப்பைச் சுருக்கி எஃப்/8இல் வைத்தால் ஒரு மீற்றருக்குச் சற்று அப்பாலிருந்து ஏறத்தாழ இருபது மீற்றர் வரை எல்லாம் தெளிவாகத்தான் இருக்கும். ஷட்டர் வேகத்தை 1/500 செக்கனில் நிறுத்து, ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறனை) கமராவே பார்த்துக்கொள்ளட்டும். நாட்டாமை உன்னைத் தாண்டி ஓடுவதற்குள் படம் விழுந்திருக்கும். ஆட்டோஃபோகஸ் அந்த நேரத்தில் பெரும்பாலும் பின்னால் தொங்கும் சாரத்தைத்தான் பிடிக்கும்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். கண்வைத்துப் பார்க்கும் துவாரம் கிடையாது, உச்சி வெயிலில் திரை மங்கும். ஒரு பற்றரிக்கு 200 படம் என்றுதான் கம்பனியே சொல்கிறது, ஆகவே இரண்டாவது இல்லாமல் வெளிக்கிடாதே. மழைக்கும் தூசுக்கும் காப்பு இல்லை.

35 என்றால் ஃபுஜியின் எக்ஸ்100 வரிசை. 2024இல் வந்த ஆறாவதில் 40 மெகாபிக்சலும், கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதியும் உண்டு. அரை கிலோவுக்குச் சற்று மேல். லென்ஸுக்குள்ளேயே ஷட்டர் இருப்பதால் சத்தம் அநேகமாக இல்லை. ஆனால் வடிகட்டியும் அதற்கான வளையமும் போட்டால்தான் தூறலைத் தாங்கும். பார்க்க அழகான கமரா. அதுவே சிலவேளை தொல்லை, ஏனென்றால் வயதானவர்கள் கூப்பிட்டு “இது பிலிமா தம்பி?” என்று கேட்பார்கள். அந்தக் கதை முடிய அரைமணி நேரம்.

இரண்டுமே கைக்கு எட்டாவிட்டால் வெட்கப்படாதே. உன் பழைய கெனன் உடம்புக்கே 24 மிமீ எஃப்/2.8 என்று ஒரு தட்டை லென்ஸ் இருக்கிறது, 125 கிராம்தான். நான் பல வருடம் அதைத்தான் போட்டிருந்தேன், இன்னும் வைத்திருக்கிறேன். கைத்தொலைபேசியாலும் எடுக்கலாம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எனக்கு அதன் படங்கள் அளவுக்கு மீறித் துடைத்து வைத்த மாதிரித் தோன்றும், அவ்வளவுதான்.

எதுவானாலும் அங்கேயே வாங்கி வா. 2022 தொடக்கத்தில் 200 ரூபாயை ஒட்டி இருந்த டொலர் அந்த மே மாதம் 360 அளவில் நின்றது. பிறகு கொஞ்சம் இறங்கியது, ஆனால் கடை விலை இறங்கவில்லை. 2024இலிருந்து பெறுமதி சேர் வரி வேறு 18 வீதம். பழையது வாங்கினால் லென்ஸுக்குள் டோர்ச் அடித்துப் பார், சிலந்தி வலை மாதிரி ஏதும் தெரிந்தால் அது பூஞ்சணம். இங்கே அது இன்னும் பரவும். என் கமரா காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு படுக்கிறது, நான் படுப்பதை விட வசதியாக. ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் பையைத் திறக்காதே, லென்ஸ் வியர்த்துவிடும்.

உனக்குத் தட்டுப்படாத ஒன்று மின்சாரம். அங்கே 60 ஹேர்ட்ஸ், இங்கே 50, விளக்குகளும் அதற்கேற்பத்தான் துடிக்கும். செட்டியார் தெரு நகைக்கடை வெளிச்சத்தில் ரொறன்ரோ பழக்கத்தில் 1/60, 1/120 என்று வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக விழலாம். அங்கே 1/50 அல்லது 1/100 வை, மெனுவில் ஃப்ளிக்கர் (விளக்குத் துடிப்பு) இருந்தால் 50 ஆக்கு. சத்தமில்லாத மின்னணு ஷட்டரையும் கடைக்குள் பாவிக்காதே.

வெயிலைப் பற்றி. நடுப்பகலில் சூரியன் நல்ல உயரத்தில், எல்லோருடைய கண்ணும் கறுத்த குழி. அந்த நேரம் தேநீர் குடி. காலை ஆறரையிலிருந்து எட்டரை வரை புறக்கோட்டை, பின்னேரம் ஐந்துக்குப் பிறகு காலிமுகத்திடல். ஆறு மணியை ஒட்டி சூரியன் விழும், விழுந்தால் உங்கள் ஊர் மாதிரி இழுத்துக்கொண்டிருக்காது. சம்மாங்கோட்டுப் பள்ளிவாசலின் சிவப்பு வெள்ளைக் கோடுகளை எல்லோரும் எடுக்கிறார்கள், நீயும் ஒன்று எடு. அப்புறம் அதற்கு முதுகைக் காட்டி நின்று, அதை எடுக்கும் ஆட்களை எடு.

கிட்டப் போனால் சண்டை வருமா என்று கேட்டிருந்தாய். ஒளித்து எடுத்தால்தான் வரும். கமராவை இடுப்பில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்ப்பவனை இங்கே சின்னப் பிள்ளையும் கண்டுபிடித்துவிடும். கண்ணைப் பார், சிரி, எடு. முறைத்தால் தலையாட்டிவிட்டு நட. அழி என்றால் அழி. பிள்ளைகள் என்றால் தாய் தகப்பனைக் கேள். சிலர் போஸ் கொடுப்பார்கள், அந்தப் படத்தையும் மரியாதையாக எடு. அது முடிந்து அவர்கள் தோள் இறங்கும் நொடியில்தான் நீ தேடி வந்தது கிடைக்கும். “அய்யே, ஃபோட்டோ எகக்?” (அண்ணே, ஒரு ஃபோட்டோ?) என்று சிங்களத்தில் கேட்க இன்னும் வாய் வருமல்லவா?

டிக்கெட் போட்டதும் திகதியை எழுது, லீவு சொல்ல வேண்டும். வரும்போது எனக்கு ஜிஆருக்குப் போகும் பற்றரி இரண்டு, டிபி-110 என்று கேட்டு, கம்பனிப் பற்றரியாகவே வாங்கி வா. காசை இங்கே வந்ததும் தருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்