பாண் ஓட்டோவுக்கு வெருளும் குட்டி

உப்புவெளி,
திருகோணமலை.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்து தடி இல்லாமல் நடக்கிறாய் என்று வாசித்ததும் வீட்டில் எல்லோருக்கும் பெரிய ஆறுதல். ஸ்காபரோவில் பனி விழுமுன் நன்றாக நடந்து பழகிவிடு. இங்கே கச்சான் காற்று கொளுத்துகிறது, மத்தியானத்தில் முற்றத்தில் கால் வைக்க ஏலாது. ஆனால் கடல் அசையாமல் கிடக்கிறது, அதனால் நிலாவெளி வரைக்கும் வெள்ளைக்காரர் கூட்டம்.

கிழவனுக்கு இந்த வயதில் குதிரை எதற்கு என்று கேட்டிருந்தாய். குதிரை என்னுடையதல்ல. பெறாமகன் கடற்கரையில் அறை வாடகைக்கு விடுகிறான் அல்லவா, வருகிறவர்களுக்குச் சவாரி விடலாம் என்று நுவரெலியாப் பக்கமிருந்து ஒரு பெட்டைக்குட்டியை லொறியில் ஏற்றிவந்தான். மூன்று வயது, ஆளை ஏற்றிப் பழக்கமில்லை. வேப்பமரத்தடியில் கட்டின பிறகுதான் அவனுக்கு யோசனை வந்தது, இனி என்ன செய்வதென்று. வேலை வெட்டி இல்லாதவன் நான்தானே.

நீ நெடுந்தீவில் படிப்பித்த காலத்தில் அங்குள்ள மட்டக்குதிரைகளுக்குக் கிட்டப் போகப் பார்த்த கதையைச் சொல்லுவாய். ஒன்று தலையைத் தூக்கினால் போதும், கூட்டமே ஒல்லாந்தர் லாயத் தூண்களைத் தாண்டிப் பறக்கும் என்பாய். ஓடித் தப்பும் சாதி அது. இந்தக் குட்டிக்கோ கூட ஓட ஒரு கூட்டமும் இல்லை. பொலித்தீன் பை பறந்தாலும், சீனக்குடாப் பக்கமிருந்து ஹெலிகொப்டர் வந்தாலும், கோவிலில் வெடி போட்டாலும் கயிற்றின் நுனியில் நின்று நடுங்கும்.

லொறியோடு ஒரு பெரியவர் வந்திருந்தார். காலம் முழுக்க லாயத்தில் வேலை பார்த்த மலையகத்து மனிதர். சில நாள் எங்களோடு தங்கினார். "அதுக்குத் தைரியம் சொல்லிக் குடுக்காதீங்க ஐயா. நீங்க விட்டுருவீங்கன்னு அதுக்குத் தெரிஞ்சா போதும்" என்றார். எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் செய்துகாட்டியபோது விளங்கியது. தலைக்கயிற்றை இலேசாக இழுத்து அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். குட்டி அடி எடுத்துக்கூட வைக்கவில்லை, உடம்புப் பாரத்தை முன்னங்காலுக்கு மாற்றியது, அவ்வளவுதான். கயிறு உடனே தளர்ந்துவிட்டது. இழுக்கும்போது அது ஒன்றும் படிப்பதில்லை, தளரும்போதுதான் படிக்கிறது. கொஞ்சம் பிந்தித் தளர்த்தினாலும் எதற்காகத் தளர்ந்தது என்று அதற்குத் தெரியாது.

இதில் ஒரு பொறியும் இருக்கிறது. அது முன்னங்காலைத் தூக்கி எழும்பும் நேரம் பார்த்து நாம் பயந்து கயிற்றை விட்டால், எழும்பினால் விடுவார்கள் என்று படித்துவிடும். அதனால் அது எழும்பும் அளவுக்குக் கேட்கவே கூடாது. நீ வகுப்பில் முதல் கணக்கை எல்லாப் பெடியளும் சரியாகச் செய்யக்கூடியதாகப் பார்த்துப் போடுவாயே, அந்த மாதிரி. கடைசியில் தலை தாழும், உதட்டை நக்கி வாயை மெல்லும். அப்போது "விளங்கிவிட்டது" என்று சிலர் குதூகலிப்பார்கள். விறைத்திருந்த உடம்பு இளகுகிறது, எனக்கு அவ்வளவுதான் தெரிகிறது. அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிடுவேன்.

வருகிறவர்கள் எல்லோரும் நெற்றியைத் தடவத்தான் கையை நீட்டுகிறார்கள். குதிரைக்குக் கண் இரண்டு பக்கமும் இருப்பதால் சுற்றிவர ஏறக்குறைய எல்லாமே தெரியும். தெரியாத இடம் இரண்டுதான்: மூக்குக்கு நேர் முன்னால் கொஞ்சம், வாலுக்கு நேர் பின்னால். நெற்றிக்கு நீட்டும் கை அந்தத் தெரியாத இடத்திலிருந்துதான் அதன் மேல் வந்து விழுகிறது. தோள் பக்கமாகப் போய், பிடரி முடிகிற மேட்டில் சொறிந்துவிட வேண்டும். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்ளும் இடம் அது, அங்கே சொறிந்தால் நெஞ்சுத் துடிப்பே குறையுமாம். இவளுக்கு அங்கே கை பட்டால் மேலுதடு நீண்டு துடிக்கும். பார்த்தால் சிரிப்பு வரும்.

நம் மனசு அதற்குத் தெரியுமா என்று கேட்டாய். உன் தொழிற்காரர் ஒருவருடைய கதை சொல்கிறேன். பெர்லினில் வொன் ஒஸ்டன் என்ற ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஹான்ஸ் என்ற குதிரை வைத்திருந்தார். கூட்டல் கழித்தல் கேட்டால் அது குளம்பால் தட்டி விடை சொல்லும். ஊரே நம்பியது. 1904இல் ஒஸ்கார் ஃபூங்ஸ்ட் என்ற உளவியலாளர் ஆராய்ந்து பார்த்தார். கேட்கிறவருக்கே விடை தெரியாவிட்டால் ஹான்ஸுக்கும் தெரியாது. சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்கிறவர் தன்னை அறியாமலே மயிரளவு தலையை அசைப்பார், குதிரை அதைப் பார்த்துத் தட்டலை நிறுத்தும். வாத்தியாரும் ஏமாற்றவில்லை, பாவம், அவருக்கே தெரியாது. ஆக, கணக்குத்தான் வராது மச்சான், ஆளை வாசிக்க வரும். மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்று "பயப்படாதே" என்று சொல்லி ஒரு பிரயோசனமும் இல்லை.

பெரிய சண்டை பாண் ஓட்டோவோடுதான். காலையிலும் பின்னேரமும் பாண், பனிஸ் விற்கப் பாட்டுப் போட்டுக்கொண்டு வருமே, அது எங்கள் காதுக்கு எட்டுமுன் குட்டியின் காது அந்தப் பக்கம் திரும்பிவிடும். முதல் தரம் வேலிக் கம்பியை அறுத்துக்கொண்டு பாய்ந்தது. கிட்டக் கொண்டுபோய்ப் பிடித்து வை, தானாகப் பழகும் என்று அக்கம்பக்கம் எல்லாம் புத்தி சொன்னது. நாங்கள் அப்படிச் செய்யவில்லை. பாண்காரப் பெடியனோடு கதைத்து, முதலில் கோவில் மூலையில் நிற்கச் சொன்னோம். பாட்டுக் கேட்க வேண்டும், ஆனால் குட்டி புல் தின்பதை நிறுத்தக்கூடாது, அந்த அளவு தூரம். பிறகு ஒவ்வொரு மின்கம்பமாகக் கிட்ட வரச் சொன்னோம். அப்புறம் முக்கியமான வேலை: ஓட்டோ முன்னால் மெதுவாகப் போக, நான் குட்டியை அதன் பின்னால் நடத்திக்கொண்டு போனேன். தன்னைத் துரத்தும் சாமான் தன்னை விட்டு விலகிப் போவதைக் கண்டதும் குதிரைக்கு ஒரு துணிவு வரும். கழுத்தை நீட்டி நீட்டிப் பின்னால் நடந்து, கடைசியில் பாண் பெட்டிக் கண்ணாடியை மூக்கால் தொட்டே விட்டது. இப்போது பாட்டுக் கேட்டால் படலைக்கு வந்து நிற்கிறது. இதற்காக நாங்கள் வாங்கித் தின்ற, முதலை மாதிரி நீண்ட கிம்புலா பனிஸுக்குக் கணக்கே இல்லை.

கடலுக்கும் கொண்டுபோகிறோம், காற்று அடங்கின பின்னேரங்களில். அலை தன்னை நோக்கி வருவது அதற்குப் பிடிக்காது, ஈர மணலோடு சேர்ந்து நடக்கும். அது நல்லதுதான், இளக்கமான காய்ந்த மணல் கால் தசைநாண்களைக் கெடுக்கும். தீனியை மட்டும் மணலில் போட விடமாட்டேன். புல்லோடு மணலும் வயிற்றுக்குள் போய்த் தேங்கினால் வயிற்றுக் குத்து வரும், குதிரைக்கோ வாந்தி எடுக்க ஏலாது, உயிரே போகலாம். பிளாஸ்ரிக் பீப்பாயை அறுத்து அதற்குள் போடுகிறோம். மலைநாட்டுக் குளிரில் வளர்ந்த உடம்பு இந்த வெக்கையில் வியர்த்துக் கொட்டுகிறது, உப்புக்கட்டி பக்கத்தில் இருந்தபடி. தண்ணீரும் நாளைக்கு முப்பது நாற்பது லீற்றர் போகிறது. பெறாமகன் கிணற்றடியில் நின்று புறுபுறுப்பான்.

அவனோடு இப்போது வாக்குவாதம் சவாரி பற்றித்தான். சேணம் போட்டு நடத்துகிறோம், இன்னும் ஆள் ஏறவில்லை. சீசன் முடியுமுன் ஒரு சில ஆட்களையாவது ஏற்றலாம் என்கிறான். அவன் கடன் எனக்கும் தெரியும். ஆனாலும் முதுகெலும்பு முதிர ஐந்தாறு வயது செல்லும், அதுவரை பாரமில்லாத ஆளைக் கொஞ்ச நேரம் ஏற்றலாமே தவிர நாள் முழுக்கக் கூலி உழைக்க விடக்கூடாது. பொதுவாகச் சொல்வது, குதிரை தன் எடையில் ஐந்திலொரு பங்குக்கு மேல் சுமக்கக்கூடாது என்று. 300 கிலோக் குட்டிக்கு 60 கிலோ, அதுவும் சேணத்தோடு சேர்த்து. எங்கள் கடற்கரையில் வெயில் காய்கிறவர்களை நினைத்துப் பார், கணக்கு உனக்கே விளங்கும். அடுத்த சீசனுக்குச் சின்னப் பிள்ளைகளை மட்டும், கயிற்றில் பிடித்து நடத்துவது என்று இப்போதைக்குப் பேசி வைத்திருக்கிறோம்.

மார்கழியில் வர நினைக்காதே, மழையும் கடலும் உன்னை வீட்டுக்குள்ளேயே இருத்திவிடும். வைகாசியில் வா. குளம்பு கிண்டும் கொக்கி ஒன்று அங்கே மலிவாகக் கிடைத்தால் வாங்கி வா, இங்கே மழுங்கின ஸ்க்ரூ ட்ரைவரால் கிண்டுகிறோம். புது முழங்காலோடு ஏறிப் பார்க்கலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பாய் என்று தெரியும். முதலில் உன் எடை எவ்வளவு என்று எழுது.

அன்புடன்,
உன் வாங்குத் தோழன்