முத்தம்மா ஒருவனையாவது சுட வேண்டுமாம்

அன்புள்ள வசந்தி,

பேரன் பிறந்த செய்தி உன் தம்பி மூலம் வந்து சேர்ந்தது. வாழ்த்துகள். மூக்கு அப்படியே உன் மூக்கு என்கிறான்; பாவம் குழந்தை. இங்கே எல்லோரும் சுகம். இவருக்குச் சர்க்கரை அடங்கியிருக்கிறது, வாய்தான் அடங்கவில்லை. உன் மாமியாருக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? அவரிடம் எனக்கு ஒரு வேலை இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

விஷயம் என்னவென்றால், என் நாவலைத் தொடராகப் போடுவதாகச் சொன்ன பத்திரிகைக்காரரோடு நன்றாகச் சண்டை போட்டுவிட்டேன். பெயர் வேண்டாம், உனக்கே தெரியும். முதல் அத்தியாயங்களைப் படித்துவிட்டு "பிரமாதம் மேடம்" என்றார். அப்புறம் அந்த "ஆனா" வந்தது. ராணுவத்தில் சேருகிற பெண், கடைசிவரை எதிரியைப் பார்த்து ஒரு குண்டுகூடச் சுடாமல் வீடு திரும்பினால் வாசகர்கள் ஏமாந்துபோவார்களாம். இம்பாலில் ஒரு சண்டைக் காட்சி வேண்டும், நாலு பக்கம் போதும் என்கிறார். முத்தம்மா ஒரு வெள்ளைக்கார அதிகாரியைச் சுட வேண்டுமாம். அவன் அவளுடைய தோட்டத்துப் பழைய துரையாகவே இருந்துவிட்டால் இன்னும் விசேஷமாம்! நான் என்ன சொன்னேன் என்று எழுதினால் நம் ஹாஸ்டல் வார்டன் எழுந்து வந்து காதைத் திருகுவார். விடு.

முத்தம்மா என் கற்பனைப் பெண். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் பெண்களுக்கென்று இருந்த ஜான்சி ராணிப் படையில் சேருகிறவள். உடனே "கேப்டன் லட்சுமி கதைதானேடி" என்பாய். அதுதான் இல்லை. கேப்டன் லட்சுமியை எல்லோருக்கும் தெரியும். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, 1940-ல் சிங்கப்பூர் போனவர். 1943 ஜூலையில் நேதாஜி வந்து இறங்கிய சில நாட்களுக்குள் இருபது பெண்களைத் திரட்டி, அந்தக் கனத்த .303 துப்பாக்கியைத் தூக்கப் பழக்கி, அவருக்கு அணிவகுப்பு மரியாதை கொடுத்தவர். தொண்ணூறை நெருங்கும் வயதில், 2002-ல், கலாமை எதிர்த்துக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றார். இரண்டு பேரும் நம்மவர்கள் ஆயிற்றே, யாருக்கு ஓட்டுப் போடுவது என்று நீ மண்டையை உடைத்துக்கொண்டாயே, நமக்கு அதில் ஓட்டே கிடையாது என்று இவர் சொல்லும்வரை! இந்த வீட்டில் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறோம்.

எனக்கு வேண்டியவள் அவருக்குப் பின்னால் வரிசையில் நின்ற பெண். அந்தப் படையில் பெரும்பாலோர் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள். பால் வெட்டியவர்கள், அல்லது பால் வெட்டியவர்களின் மகள்கள். பலர் இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை. "டில்லி சலோ" என்று கோஷம் போட்டவளுக்கு டில்லி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரிந்திருக்காது. ஜான்சி ராணி செத்து 85 வருஷம் கழித்து, கடலுக்கு அப்பால், அவள் பாஷை தெரியாத ஒரு பெண் அவள் பெயரில் உள்ள படையில் சேருகிறாள். என் முத்தம்மா, "ஜான்சி எங்க இருக்கு, ராமநாதபுரம் பக்கமா?" என்று கேட்கிறாள். அந்த இடத்தைப் படித்து இவர் சிரித்தார். எனக்கு எழுதும்போது தொண்டை அடைத்தது.

ஏன் சேர்ந்தார்கள் என்பதில்தான் என் தூக்கமே போயிற்று. தேசப்பற்று என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். பாட்டுப் புத்தகங்கள் அப்படித்தான் முடிக்கின்றன. ஆனால் அந்த 1943-ஐ நினைத்துப் பார். ஜப்பான்காரன் காலம். அரிசி கிடையாது, மரவள்ளிக் கிழங்குதான். ரப்பர் விலைபோகவில்லை, தோட்டத்தில் வேலை இல்லை. அதே வருஷம்தான் சயாமுக்கும், அதாவது தாய்லாந்துக்கும், பர்மாவுக்கும் நடுவே ரயில் பாதை போடத் தோட்டத்து ஆண்களை லாரி லாரியாக ஏற்றிப் போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை. போனவர்களில் ஆயிரக்கணக்கானோர் திரும்பவில்லை. அண்ணன் அப்படிப் போய்விட்ட ஒரு லயத்து வீட்டில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், ஒரு பெண், பதினேழு வயது. கங்காணி பார்வை ஒரு பக்கம், கல்யாணம் ஒரு பக்கம், பசி ஒரு பக்கம். ஒருநாள் தோட்டத்து வெளியில் கூட்டம் போட்டு, பெண்ணும் துப்பாக்கி தூக்கலாம் என்று ஒரு மனிதர் பேசுகிறார். போகமாட்டாளா? போவதற்கு அப்பன் கையெழுத்து வேண்டும், கல்யாணமானவளென்றால் புருஷன் கையெழுத்து வேண்டும். அந்தக் கையெழுத்தை முத்தம்மா எப்படி வாங்கினாள் என்பதற்கே ஒரு அத்தியாயம் முழுதாக எழுதியிருக்கிறேன். எனக்கு அதுதான் பெரிய போர்க்களம். பத்திரிகைக்காரர் அந்த அத்தியாயத்தைச் "சுருக்கலாமே" என்கிறார்!

வசதியான வீட்டுப் பெண்களும் இருந்தார்கள். கோலாலம்பூரில் ஜானகி தேவர், பதினெட்டு வயது, கூட்டத்திலேயே காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்தவர். ஈப்போவிலிருந்து ரசம்மாவும் அவர் சகோதரி பொன்னம்மாவும் வந்தார்கள். ரசம்மாவுக்குப் பதினாறு வயதுதான். இவர்களெல்லாம் பிற்பாடு மலேசியாவில் பெயர் சொல்லும்படி வாழ்ந்தார்கள், பேட்டி கொடுத்தார்கள். அதனால் இவர்கள் குரல் நமக்குக் கிடைக்கிறது. முத்தம்மா போன்றவர்களை யார் போய்ப் பேட்டி எடுத்தார்கள்? அங்கங்கே ஒன்றிரண்டு. அந்த ஓட்டையில்தான் நாவல் எழுதுகிறவள் நுழைய முடிகிறது. அங்கேதான் எனக்குப் பயமும் பிடிக்கிறது.

கேள். 1943 அக்டோபர் 22-ல் சிங்கப்பூரில் முகாம் திறக்கிறார்கள். முடியை வெட்டிக்கொள்கிறார்கள், கால்சட்டை போடுகிறார்கள், துப்பாக்கி, கையெறி குண்டு, நீண்ட நடைப்பயிற்சி எல்லாம் நடக்கிறது. உத்தரவெல்லாம் ஹிந்துஸ்தானியில். இந்தப் பெண் படையே ஜப்பானியர்களுக்குப் பிடிக்கவில்லை, வீண் செலவு என்று நினைத்தார்கள். அப்புறம் பர்மா. 1944-ல், நேதாஜியின் படையும் ஜப்பானியரும் மணிப்பூருக்குள் புகப் பார்த்த இம்பால் சண்டை நடக்கும்போது, ஒரு பகுதிப் பெண்கள் மேமியோ என்கிற மலை நகரத்தில் காத்திருக்கிறார்கள். எங்களை முன்னணிக்கு அனுப்புங்கள் என்று நச்சரிக்கிறார்கள். இம்பாலில் நம் பக்கம் தோற்றுப்போயிற்று. வந்தவர்கள் காயம்பட்டவர்களும், மலேரியாவும் வயிற்றுப்போக்குமாக எலும்பாய்ப் போன ஆண்களும். துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பெண்கள் அவர்களுக்கு மலமும் சீழும் துடைத்தார்கள். போர்முனைக்குப் போகும் முறை அவர்களுக்கு வரவே இல்லை.

1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டுப் பின்வாங்கினார்கள். சிட்டாங் ஆற்றைக் கடந்து, பகலில் விமானத்துக்குப் பயந்து ஒளிந்து, இரவில் நடந்து, பாங்காக் போய்ச் சேர்ந்தார்கள். பெண்களை அனுப்பாமல் நான் கிளம்பமாட்டேன் என்று நின்ற நேதாஜியும் கூடவே நடந்தார், காலெல்லாம் கொப்புளம். வேறொரு கூட்டம் ரயிலில் வந்தது. அதன்மேல் நடந்த தாக்குதலில் இரண்டு பெண்கள் செத்தார்கள். ஸ்டெல்லா, ஜோசபின். இந்த இரண்டு பெயரையும் ஒரு தாளில் எழுதி மேசைக்கு எதிரில் ஒட்டியிருக்கிறேன். இவர், "யாரு, உன் ஸ்கூல் டீச்சர்களா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

இப்போது பத்திரிகைக்காரர் கேட்கும் நாலு பக்கத்துக்கு வா. எழுத முடியாமல் இல்லை. நீ சிரிப்பாய், ஒரு ராத்திரி உட்கார்ந்து எழுதியே பார்த்தேன். மழை, மூங்கில் காடு, சேறு, முத்தம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு குறி பார்க்கிறாள். நன்றாகவே வந்திருந்தது, அதுதான் எரிச்சல். இவர் படித்துவிட்டு, "கதைதானே, பரீட்சையா எழுதறே? போட்டுடு" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இல்லாமலில்லை. முத்தம்மாவின் அண்ணனை நான்தானே உண்டாக்கினேன், கங்காணியை உண்டாக்கினேன், அவள் தூக்கத்தில் பேசுவதுகூட என் கற்பனை. இத்தனை பொய் சொன்னவளுக்கு இன்னொரு பொய் சொல்ல என்ன கூச்சம்?

யோசித்துப் பார்த்ததில் எனக்குப் பட்டது இது. அண்ணனும் கங்காணியும் அந்தத் தோட்டங்களில் இருந்திருக்கக் கூடியவர்கள். அவர்களை எழுதும்போது அந்தப் பெண்கள் வாழ்ந்த வாழ்க்கைக்குப் பக்கத்தில் போகிறேன். இம்பாலில் சுடவைத்தால், "நீங்கள் உண்மையில் செய்தது போதாதம்மா, நான் கொஞ்சம் சேர்த்துத் தருகிறேன்" என்று அவர்களிடமே சொன்ன மாதிரி ஆகிவிடும். அது எனக்கு முடியவில்லை, வசந்தி. நடந்து வந்தவளுக்கு, சீழ் துடைத்தவளுக்கு, வீட்டில் அப்பனை எதிர்த்து நின்றவளுக்கு நான் எதற்கு ஒரு வெள்ளைக்காரனைப் பலி கொடுத்துத்தான் கௌரவம் சேர்க்க வேண்டும்?

நம் ஆட்களுக்கு வீராங்கனை என்றாலே குதிரை வேண்டும், வாள் வேண்டும், முதுகில் குழந்தை வேண்டும், கண்ணில் மை கலையாமல் இருக்க வேண்டும். டிவியில் வரும் ராணிகளைப் பார்த்தாயா, போர்க்களத்திலும் ஜிமிக்கி ஆடுகிறது. இதைச் சொன்னால் நீ என்னை மடக்குவாய், தெரியும்: அந்தக் குதிரைக்கார ராணியின் பெயர் இல்லாவிட்டால் உன் முத்தம்மா தோட்டத்தை விட்டே கிளம்பியிருப்பாளா என்று. கிளம்பியிருக்கமாட்டாள்தான். அந்தப் படத்துக்கும் ஒரு வேலை இருந்திருக்கிறது. அதற்கு இன்னும் பதில் கண்டுபிடிக்கவில்லை. நீ கண்டுபிடித்தால் எழுது.

இப்போது நான் மாட்டிக்கொண்டிருப்பது வேறு இடத்தில். சண்டை முடிந்து 1945-ல் அவள் திரும்பி வருகிறாள். வெள்ளைக்காரனும் திரும்பி வந்துவிட்டான், அதே துரை, விடியுமுன் ஆளெண்ணும் அதே பெரட்டு. வெட்டிய முடி தோள்வரைகூட வளரவில்லை. மறுபடி விடியற்காலையில் பால் பிடிக்கும் மங்கும் கத்தியுமாகப் பால் வெட்டப் போக வேண்டும். லயத்தில் அவளை எப்படிப் பார்த்திருப்பார்கள்? பயந்தார்களா, கேலி செய்தார்களா? மாப்பிள்ளை கிடைத்திருப்பானா? வாயைத் திறக்காமல் இருந்துவிட்டாளா? கடைசி இரண்டு அத்தியாயமும் இதில்தான் நிற்கிறது, ஒரு வரி நகரவில்லை.

இங்கேதான் உன் மாமியார். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், அந்தச் சமயத்தில் சின்னப் பிள்ளையாக இருந்திருப்பார். "பட்டாளத்துக்குப் போன அக்கா" யாராவது அவர்கள் லயத்தில் இருந்தார்களா என்று கேள். இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பெரட்டுக்கு எத்தனை மணிக்கு எழுப்புவார்கள், இருட்டில் வெளிச்சத்துக்கு என்ன கொண்டுபோவார்கள், பெண்கள் தலையில் என்ன கட்டுவார்கள், காலில் ஏதாவது போட்டார்களா, இதெல்லாம் எனக்கு வேண்டும். செல்போனில் பதிவு செய்து அனுப்பு. நடுவில் நீ புகுந்து அவரைத் திருத்தாதே. உன் கல்யாணத்தில் அவர் சாம்பாரைப் பற்றிச் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, அவர் எதையும் மறக்கிற ஆள் இல்லை.

பத்திரிகைக்காரர் நேற்று மறுபடி கூப்பிட்டார், நான் எடுக்கவில்லை. தொடராக வராவிட்டால் நேராகப் புத்தகமாகப் போட்டுக்கொள்ளலாம் என்று இவர் சொல்கிறார். காசு யார் போடுவது என்று மட்டும் சொல்ல மறுக்கிறார். பேரனுக்கு என்ன பெயர் வைக்கப் போகிறீர்கள்? உன் சம்பந்தி நியூமராலஜி பார்க்கிற ஆள் என்று கேள்விப்பட்டேன், ஜாக்கிரதை. மாவடு போட்டு வைத்திருக்கிறேன், உன் தம்பி வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
சரசு