பாலைவனச் சாலையில் பலகை நடுமுன்

நெவாடா மாநிலத்தின் பாலைவனச் சாலைகளில், கைவிடப்பட்ட சுரங்க ஊர்களுக்கு வரலாற்றுப் பலகை நடத் திட்டமிடும் மாவட்ட நிர்வாகங்களுக்கும் உள்ளூர் வரலாற்றுச் சங்கங்களுக்கும்,

வணக்கம். பலகையில் என்ன எழுதலாம் என்றுதான் பெரும்பாலும் பேச்சு தொடங்குகிறது. அதைச் சற்றுத் தள்ளி வையுங்கள். படிப்பவர் எங்கே நிற்பார், அங்கிருந்து அவர் கண்ணுக்கு என்ன தெரியும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

கைவிடப்பட்ட சுரங்க ஊரான ரையோலைட்டை எடுத்துக்கொள்வோம். பீட்டி என்ற ஊரிலிருந்து மேற்கே நாலு மைல். குக் வங்கியின் மூன்று மாடிச் சுவர்கள் கூரையில்லாமல் நிற்கின்றன. டாம் கெல்லி காலிப் பாட்டில்களை அடுக்கிக் கட்டிய வீடு இருக்கிறது, ரயில் நிலையம் இருக்கிறது. இத்தனையையும் கண்முன் வைத்துக்கொண்டு ‘பொன் வேட்டையின் பொற்காலம்’ என்று எழுதுவது பலகைக்குப் பிடித்த கேடு. ‘இடப்பக்கம் தெரியும் மூன்று மாடிச் சுவர்தான் வங்கி’ என்று தொடங்கிப் பாருங்கள், படிப்பவர் தலையைத் திருப்புவார்.

எண்களில்தான் அதிகம் சறுக்குகிறது. ரையோலைட்டில் உச்சத்தில் 3,500 முதல் 5,000 பேர் இருந்ததாக மதிப்பீடு. 10,000 என்பவர்களும் உண்டு. பலகை எழுதுவோருக்குப் பெரிய எண்ணின் மேல் ஒரு மோகம். எண்ணிப் பார்த்த கணக்கு கையில் இருக்கும்போது அதையே போடுங்கள்: 1910 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 675 பேர். தங்கம் தென்பட்டது 1904, பெரிய சுரங்கம் மூடியது 1911, ஊருக்கு மின்சாரம் நின்றது 1916. இந்த மூன்று ஆண்டுகளைப் போட்டுவிட்டால் அடைமொழி எதுவும் தேவைப்படாது. ‘மாநிலத்திலேயே பெரிய ஊர்’ என்று கோல்டுஃபீல்டு என்ற இன்னொரு சுரங்க ஊரைச் சொல்வதானால் எந்தக் காலத்தில் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ‘ஆளில்லா நிலம்’ என்று மட்டும் எங்கும் எழுதாதீர்கள்; ஷோஷோனி பூர்வகுடி மக்கள் அங்கே இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். மொத்தம் 100 சொல் போதும். அதற்கு மேல் போனால் வெயிலில் நின்று யாரும் படிப்பதில்லை.

ஊர் சாலையிலிருந்து தள்ளி இருந்தால் தூரம், திசை, கடைசி எத்தனை மைல் மண்பாதை, மழையில் கார் போகுமா என்பவை கட்டாயம் இருக்க வேண்டும். சுரங்க வாய்க்கு அம்புக்குறி போடவே கூடாது. மக்கிப்போன மரப்பலகைகளால் மூடிய செங்குத்துக் குழியை மேலே நிற்பவரால் கண்டுபிடிக்க முடியாது. உள்ளே ஆக்சிஜன் குறைந்த காற்றுக்கு மணமும் கிடையாது.

இனிப் பொருள். வெண்கலம் அழகுதான், ஆனால் ஆளரவமற்ற இடத்தில் அது காயலான் கடைக்குப் போகும் சரக்கு. 120 செ.மீ. அகலம், 90 செ.மீ. உயரம், 10 மி.மீ. கனத்தில் வெண்கலப் பலகை ஏறக்குறைய 95 கிலோ. அதே அளவு வார்ப்பு அலுமினியம் 29 கிலோதான், பழைய உலோகமாக விற்றால் கிடைக்கும் விலையும் அற்பம். எனாமல் பூசிய எஃகின் நிறம் வெயிலில் மங்காது. ஆனால் பாலைவனத்தில் பலகை என்றால் துப்பாக்கிக்காரர்களுக்குக் குறிபார்க்கும் அட்டை. ஒரு குண்டு பட்டு எனாமல் சில்லு தெறித்தால், துரு அங்கே தொடங்கி எனாமலுக்கு அடியில் பரவும். அச்சடித்த தாள் மேல் பிசின் ஏற்றிய பலகை மலிவு. அதைத் தேர்ந்தால் சிவப்பிலும் மஞ்சளிலும் எழுத்து வேண்டாம், முதலில் வெளிறுபவை அவைதான். பலகையை வடக்கு நோக்கிச் செங்குத்தாக நிறுத்தினால் வெயில் குறைவாகப் படும். என்ன, குளிர்காலத்தில் படிப்பவர் கண்ணில் சூரியன் அடிக்கும். நிறம் நிலைக்க அந்தச் சிரமத்தைப் பொறுக்கலாம் என்பது எங்கள் கணிப்பு.

போல்ட் துளையில் கவனம். கோடை நண்பகல் வெயிலில் காயும் பலகைக்கும் அதே பலகையின் தை மாத இரவுக்கும் வெப்பம் 80 டிகிரி செல்சியஸ் வேறுபடலாம். அலுமினியம் 120 செ.மீ. நீளத்தில் 2 மி.மீ.க்குச் சற்று மேல் நீளும். பின்னாலுள்ள எஃகுச் சட்டம் அதில் பாதிதான் நீளும். எல்லாத் துளையும் வட்டமாக இருந்தால் பலகை நடுவில் புடைக்கும், அல்லது மூலையில் விரிசல் விடும். நடுத்துளை மட்டும் வட்டம். மற்றவை நீள்துளை, 4 மி.மீ. இடம் விட்டு. துருப்பிடிக்காத எஃகு போல்ட், இடையில் நைலான் வாஷர். வாஷர் இல்லையென்றால் குளிர்காலச் சாலை உப்பும் ஈரமும் சேர்ந்து அலுமினியத்தை அரிக்கும். போல்ட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி கிளம்பினால் வேலை தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

அடித்தளம்: தூணுக்கு 45 செ.மீ. விட்டம், 90 செ.மீ. ஆழம், உயரமான ஊர்களில் உறைபனி இறங்கும் ஆழத்தை விசாரித்து அதற்கும் கீழே. இரண்டு தூணுக்கும் சேர்த்து 0.29 கன மீட்டர், 690 கிலோ கான்கிரீட். உப்பு மண்ணில் சல்பேட் சாதாரண சிமென்ட்டை உள்ளிருந்தே உப்பவைத்து உடைக்கும். அதைத் தாங்கும் ஐந்தாம் வகை சிமென்ட் கேளுங்கள். விடியற்காலையில் ஊற்றி, ஏழு நாள் ஈரச் சாக்கு போட்டு வையுங்கள். நடுப்பகலில் ஊற்றினால் மேல்தோல் காய்ந்து பிளக்கும், அந்தப் பிளவில் குளிர்கால நீர் உறைந்து மிச்சத்தையும் முடித்துவிடும். அந்த ஏழு நாளைக்கும் தண்ணீர் லாரியை முன்கூட்டியே பேசி வைக்காததால்தான் பாதி அடித்தளம் கெடுகிறது.

கல்பீடமாகக் கட்டுவதானால் வாகனம் ஓடும் பாதையின் விளிம்பிலிருந்து 30 அடிக்கு அப்பால். அதற்குள் நடும் தூண், கார் மோதினால் முறிந்து விழும் வகையாக இருக்க வேண்டும். சாலைத் துறை அனுமதி, தோண்டுமுன் நிலத்தடிக் குழாய், கம்பிகளைக் குறித்துத் தரும் 811 எண்ணுக்கு அழைப்பு, இரண்டும் தெரிந்த வேலைதான். மறப்பது மூன்றாவதை. நெவாடாவில் பெரும்பகுதி கூட்டரசு நிலம். குழி ஒன்றுதான் என்றாலும் தொல்லியல் ஆய்வு கேட்பார்கள். தோண்டும்போது ஊதாநிறக் கண்ணாடிச் சில்லு வந்தால் மண்வெட்டியை நிறுத்துங்கள். அந்தக் காலக் கண்ணாடியில் பச்சை நிறம் போக்க மாங்கனீசு சேர்த்தார்கள்; வெயில் பட்டுப் பட்டு அது ஊதாவாகிறது. நூறாண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளைக் கூட்டரசு நிலத்திலிருந்து அனுமதியின்றி எடுப்பது 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இந்த ஒரு வரியைப் பலகையிலும் சேர்க்கலாம், பொறுக்குகிற கைகள் குறையும்.

பின்புறத்தில், நட்ட ஆண்டையும் பழுதைத் தெரிவிக்க ஒரு முகவரியையும் பொறித்துவிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, பனி விலகியதும், போல்ட்டுகளை முறுக்கிப் பாருங்கள்.

இப்படிக்கு,
பலகை வார்ப்பவர்களும் நடுபவர்களும்